பொன்னியின் ஐஸ் பொட்டி

டிசம்பர் 9, செவ்வாய்.

தவறு: பதினெட்டாம் எண் வீட்டைப் பதிமூன்று என்று எழுதிவிட்டேன். இரண்டு வீடு தள்ளிப் போன பிறகுதான் கண்ணில் பட்டது. திரும்பிப் போய்க் கதவு எண்ணைப் பார்த்துத் திருத்தினேன். சின்னத் தவறுதான். ஆனாலும் கவனம் போதாது.

புதிய சொல்: ஐஸ் பொட்டி – குளிர்சாதனப் பெட்டி.

நாளை: கழிமேடு வடக்குத் தெரு, முப்பது வீடுகள். பேனா இரண்டு எடுத்துப் போக வேண்டும்.

செங்கல்பட்டிலிருந்து படாளம் போகிற பேருந்தில், ஜன்னலோரமாக உட்கார்ந்து, குலுங்கலுக்கு நடுவே ஜாய்ஸ் இதை எழுதி முடித்தாள். எழுத்து கோணல்மாணலாக வந்திருந்தது. வீட்டுக்குப் போய் நல்ல கையெழுத்தில் மறுபடி எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். அவள் அப்படித்தான். இருபத்து நான்கு வயதில், கடைக்குப் போனால்கூட வாங்கிய சாமானைத் தெருமுனையில் நின்று ஒருமுறை சரிபார்த்துவிட்டுத்தான் நடப்பாள்.

நாட்குறிப்பு எழுதச் சொன்னது ரோகிணி மேடம். பேருந்து நிலையத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை மாடியில், அரசுப் பணித் தேர்வுக்கு மாலை வகுப்பு நடத்துகிறவள். ஜாய்ஸைவிட ஐந்து வயதுதான் பெரியவள். இன்னும் தானும் அதே தேர்வை எழுதிக்கொண்டிருப்பவள். தினமும் தேதி, செய்த தவறு, புதிதாகக் கேட்ட ஒரு பேச்சுச் சொல்லும் அதற்கு நேரான எழுத்துச் சொல்லும், நாளைய வேலை. இவ்வளவும் எழுதினால் போதும், கட்டுரைத் தாளில் கை ஓடும் என்பாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஜாய்ஸ் தவறு என்று எழுதியது பெரிய தவறே அல்ல. பெரிய தவறு அதற்கு அடுத்த வரியில் இருந்தது. அது அவளுக்குத் தெரிய இரண்டு நாள் ஆயிற்று.

புயல் கரையைக் கடந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. மாமல்லபுரத்துக்கு அருகே, கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் கால்வாய்க்கும் நடுவே பள்ளமாகக் கிடக்கும் கழிமேடு என்ற ஊரில் இரண்டு நாள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. வடிந்த பிறகு சுவர்களில் எல்லாம் ஒரே உயரத்தில் பழுப்புக் கோடு. அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்ததெல்லாம் போயிற்று. இடுப்பளவு தண்ணீர் நின்ற வீடுகளுக்கு இழந்த வீட்டுப் பொருள்களை வாங்கித் தருவதாக அரசு அறிவிப்பு வந்தது. வீடு வீடாகப் போய்ப் பட்டியல் எடுக்கத் தற்காலிகமாகச் சிலரைச் சேர்த்தார்கள். ஜாய்ஸுக்கு அந்த வேலை கிடைத்தது. நன்றாகச் செய்தால் ஜனவரியிலும் நீடிக்கும் என்று சொல்லியிருந்தார்கள்.

படிவத்தை அவள் முன்னும் பின்னும் படித்து வைத்திருந்தாள். நான்காம் பத்தியில் வீட்டுப் பொருள்கள். ஏழாம் பத்தியில் தொழில் கருவிகள்: தையல் இயந்திரம், இஸ்திரிப் பெட்டி, தள்ளுவண்டி போன்றவை. பின்பக்கம் சின்ன எழுத்தில் ஒரு விதி: காரோ குளிர்சாதனப் பெட்டியோ வைத்திருக்கும் குடும்பம் வசதியுள்ளதாகக் கருதப்படும்; அதற்கு எதுவும் கிடையாது.

பதினெட்டாம் எண் வீடு சிமென்ட் ஷீட் போட்டது. வாசலில் ஈரப் பாய், ஈரத் துணி, ஈரப் பள்ளிக்கூடப் புத்தகங்கள் எல்லாம் வெயிலில் கிடந்தன. முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருத்தி சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு உள்ளேயிருந்து சேற்றை வாரிக் கொட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னா மேடம், நின்னுகினே எழுதறே? நாற்காலி இல்ல, தண்ணியோட பூட்ச்சி. இந்தக் கல்லு கீது, குந்து."

"பரவால்லக்கா. பேரு?"

"பொன்னி."

"என்னென்ன சேதம்னு ஒவ்வொண்ணா சொல்லுங்கக்கா."

"மொதல்ல என் ஐஸ் பொட்டிய எழுது. அடுப்பு, மிக்ஸி, பேனு எல்லாம் அப்பால. அடுப்பு இல்லாங்காட்டி மூணு கல்லு வெச்சி ஆக்கிக்குவேன். ஐஸ் பொட்டி இல்லாங்காட்டி நானு இன்னா பண்ணுவேன்?"

ஜாய்ஸின் பேனா நின்றது. படாளத்தில் அவள் அம்மா ஃப்ரிட்ஜை ஐஸ் பொட்டி என்றுதான் சொல்வாள். 'தண்ணி பாட்டில ஐஸ் பொட்டில வை' என்பது அந்த வீட்டில் தினமும் கேட்கும் பேச்சு. அந்த ஃப்ரிட்ஜும் போன வருடம்தான் வந்தது, ஜாய்ஸ் ஒரு மருந்துக் கடையில் வேலைக்கு நின்று மாதத் தவணை கட்டி வாங்கியது. இங்கே சிமென்ட் ஷீட் வீட்டில் ஃப்ரிட்ஜ். அதுவும் அடுப்பைவிட அது முதலில் வேண்டுமாம்.

ஒருமுறை கேட்டுவிடலாமா என்று தோன்றத்தான் செய்தது. ஆனால் முந்தின வீட்டில் 'கூடை' என்றார்கள், மீன் கூடையா, பூக் கூடையா என்று இவள் கேட்டதற்கு, "இன்னாம்மா, இந்த நாத்தத்துல குந்திகினு பூவா விப்பாங்க?" என்று வீடே சிரித்தது. இன்னொரு முறை சிரிப்பார்கள் என்று பயந்தாள். படிவத்தில் கேட்டிருந்ததை மட்டும் கேட்டாள்.

"பெரிசாக்கா, சின்னதா?"

"பெர்சுதான். நானே உள்ள குந்திக்கலாம்." பொன்னி சிரித்தாள்.

'குளிர்சாதனப் பெட்டி, பெரியது' என்று நான்காம் பத்தியில் ஜாய்ஸ் அழகாக எழுதினாள். விதி அவளுக்குத் தெரியும். அந்த ஒரு வரியால் பொன்னிக்கு அடுப்புகூடக் கிடைக்காது என்பதும் தெரியும். விதி விதிதான் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடந்தாள். போகிற நினைப்பில்தான் பதினெட்டைப் பதிமூன்று என்று எழுதினாள்.

அன்று மாலை வகுப்பில் ரோகிணி மேடம், வெள்ளிக்கிழமை நடக்கப்போகும் விவாதத்துக்குத் தலைப்பு எழுதிப்போட்டாள். 'இயற்கைப் பேரிடருக்குப் பிறகு வீட்டுப் பொருள்களை வரிப்பணத்தில் வாங்கித் தரலாமா?' சீட்டுக் குலுக்கியதில் ஜாய்ஸுக்கும் ஷ்ரவணுக்கும் 'கூடாது' வந்தது. திருக்கழுக்குன்றத்துக்காரனான ஷ்ரவண் செங்கல்பட்டில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்ப்பவன்.

"நமக்கு ஈசியான பக்கம் வந்திருக்கு" என்றான் அவன். "ரோடு போடட்டும், பாலம் கட்டட்டும், கேம்ப்ல சாப்பாடு போடட்டும். அதெல்லாம் பொது. ஒருத்தர் வீட்டு மிக்ஸி எப்படி ஜாய்ஸ் பொது ஆகும்? எங்க பெரியப்பா நாவலூர்ல ஃப்ளாட்ல இருக்கார். கீழ தண்ணி பூந்து காரே போச்சு. வருஷா வருஷம் இன்சூரன்ஸ் கட்டி வச்சிருந்தார், வாங்கிக்கிட்டார். யார் வாசல்லயும் போய் நிக்கல."

"எங்க வீட்லயும்தான் தண்ணி வந்தது" என்றாள் ஜாய்ஸ். "எனக்கு அப்ப பதினாலு வயசு. ஏரித் தண்ணி. எங்க தெருவை எந்தப் பட்டியல்லயும் சேர்க்கல. ஒரு கரண்டிகூட யாரும் கொடுக்கல. எட்டு மாசம் அம்மா விறகுல சமைச்சாங்க. அப்பா ரெண்டு ஷிஃப்ட் பார்த்து, பழைய அடுப்பு ஒண்ணு வாங்கிட்டு வந்தார்."

அவள் அப்பா தேவசகாயம் சர்க்கரை ஆலை வாசலில் கரும்பு வண்டிகளை எடை போடுகிறவர். அந்த அடுப்பைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்த நாளை ஜாய்ஸ் மறந்ததில்லை. எங்களுக்கு யாரும் கொடுக்கவில்லை என்பது அவளுக்குள் ஒரு பெருமையாக இருந்தது. கொஞ்சம் புண்ணாகவும் இருந்தது.

"இன்னிக்குப் பாரு" என்று அவள் குரலை உயர்த்தினாள். "சிமென்ட் ஷீட் வீடு. உட்கார நாற்காலி இல்ல. ஆனா ஃப்ரிட்ஜ் போச்சாம். அதுவும் பெரிய ஃப்ரிட்ஜ். அடுப்பெல்லாம் அப்புறம், ஃப்ரிட்ஜை முதல்ல எழுதுங்கிறாங்க!"

வகுப்பு முழுவதும் சிரித்தது. அப்படி அவள் பேச்சுக்கு ஒரு வகுப்பே சிரித்தது அதுதான் முதல் தடவை. அவளுக்கு நன்றாக இருந்தது.

வியாழக்கிழமை காலை கழிமேடு ரேஷன் கடைச் சுவரில் பட்டியல் ஒட்டினார்கள். ஜாய்ஸ் பேருந்தை விட்டு இறங்கும்போதே கூச்சல் கேட்டது.

"பொன்னி, எங்க வூட்டு மோருக்கு ரெண்டு ஐஸு தாயேன்!"

"அவ இன்னாத்துக்கு உங்கிட்ட பேசறா? வசதியான வூட்டுப் பொம்பள!"

சுற்றி நின்றவர்கள் கேலி செய்ய, பொன்னி சுவருக்கு முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றிருந்தாள். பதினெட்டாம் எண்ணுக்கு நேரே 'குளிர்சாதனப் பெட்டி உள்ளது. தகுதியில்லை' என்று அச்சாகியிருந்தது. ஜாய்ஸைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"வாம்மா ப்ரிட்ஜு மேடம்! உன்னத்தான் பாத்துகினு கீறேன். அப்டியே நில்லு. எங்கியும் பூடாத."

விறுவிறுவென்று வீட்டுக்குப் போனாள். திரும்பி வரும்போது எதையோ தரையில் இழுத்துக்கொண்டு வந்தாள். ஊதா நிறத்தில், ஓர் ஆள் உட்காரக்கூடிய, கனமான பிளாஸ்டிக் பெட்டி. மூடி ஒரு பக்கமாகத் தொங்கியது. அடிப்பக்கம் விரிந்து பிளந்திருந்தது. உள்ளேயிருந்த தெர்மோகோல் சேற்றோடு பிதுங்கி வெளியே வந்திருந்தது. ஜாய்ஸின் காலடியில் அதைப் போட்டாள்.

"இதான் என் ப்ரிட்ஜு. இதுல பிளக்கு எங்க கீதுன்னு காட்டு. நானும் சொருவிப் பாக்கறேன்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஜாய்ஸ் சிரிக்கவில்லை. மீன் விற்கிற பெண்கள் ஐஸ் போட்டு மீன் வைக்கும் பெட்டியைத் திருக்கழுக்குன்றம் பேருந்தில் அவள் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். அதன்மேல் கை வைத்துக்கூட நின்றிருக்கிறாள். அதற்கு என்ன பெயர் என்று யாரையும் கேட்டதில்லை.

"பெர்சா சின்னதான்னு கேட்டியே" என்றாள் பொன்னி. குரல் இறங்கியிருந்தது, அது கூச்சலைவிட மோசமாக இருந்தது. "இன்னாத்துக்கு வெச்சிக்கறேன்னு ஒரு வார்த்த கேட்டியாம்மா?"

"அக்கா, எங்க வீட்ல ஃப்ரிட்ஜைத்தான்..."

"பத்து நாளாச்சி நான் ஒழுங்கா யாவாரத்துக்குப் போயி. விடிய ஏலத்துல மீனு எடுத்தா, ஐஸ் போட்டுக் கழுக்குன்றம் போயி, அங்க விக்காதத செங்கல்பட்டு வரிக்கும் எடுத்துகினு போவேன். நேத்து சாக்குல ஐஸ் சுத்தி எடுத்துகினு போனேன். பாதி வழில தண்ணியா ஊத்திப் பூட்ச்சி. பஸ்ஸுல கண்டக்டரு கத்தறான். கண்ணு வெளுத்த மீன எவ வாங்குவா? எங்கூட்டுக்காரரு சென்ட்ரிங் வேலைக்குப் போறவரு, மழைல அதுவும் இல்ல. இந்தப் பொட்டி ஒண்ணு இருந்துட்டா உன் அடுப்பும் வாணாம், மிக்ஸியும் வாணாம். நானே வாங்கிக்குவேன்."

தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஏதாவது சொல்ல வேண்டும் என்று ஜாய்ஸ் தவித்தபோது, வகுப்புக்காக மனப்பாடம் செய்திருந்த வரி ஒன்று வாயில் வந்துவிட்டது.

"இது வரிப்பணம்க்கா. தப்பான ஆளுக்குப் போயிடக் கூடாதுன்னுதான் விதி போட்டிருக்காங்க..."

பொன்னி அவளை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தாள். பிறகு மறுபடி வீட்டுக்குப் போய், வெள்ளத்துக்கு எட்டாத உயரத்தில் ஆணியில் மாட்டியிருந்த பிளாஸ்டிக் பையை எடுத்து வந்தாள். ஆதார், ரேஷன் கார்டு, பிள்ளைகளின் பிறப்புச் சான்று. அவற்றுக்கு நடுவே நான்காக மடித்த ஒரு கடை ரசீது.

"நான் படிச்சது ஆறாங்கிளாசு. இது பொட்டி வாங்குன பில்லு. கடக்காரு காட்னாரு, இந்தா, ரெண்டு எடத்துல வரி போட்டுக்கீது. ஒண்ணு டெல்லிக்காம், ஒண்ணு நம்ம ஊருக்காம். அத்த யாரு கட்னாங்க? உன் ஆபீசரா? இப்ப இன்னொண்ணு வாங்கசொல்லோ மறுபடி கட்டுவேன். அந்த வரிப்பணத்துல என் கையும் கீது மேடம். நான் கும்பிடு போட்டுக் கேக்கல. என் பேர சரியா எழுதுன்னு கேக்கறேன்."

கேலி செய்தவர்களில் ஒருத்தி பெட்டியின் தொங்கிய மூடியை எடுத்து நேராக வைத்தாள்.

"தப்பு என் மேலதான்கா" என்றாள் ஜாய்ஸ்.

"அத்த எங்கிட்ட சொல்லி இன்னா பிரயோஜனம்? யாரு பேர அடிச்சாங்களோ அவங்களாண்ட சொல்லு."

மதியம் ஜாய்ஸ் அலுவலகத்துக்குப் போனாள். கணக்கெடுப்பைக் கவனிக்கும் அதிகாரி ராஜேந்திரன் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்தார். புயலடித்த நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்கு வருகிறவர், கண்ணெல்லாம் சிவந்திருந்தது. அவள் சொன்னதை முழுவதும் கேட்டார்.

"பெரிய விஷயமில்லம்மா. சனிக்கிழமை பன்னெண்டு மணி வரைக்கும் திருத்தம் வாங்குறோம். 'மனுதாரர் தவறான தகவல் அளித்ததால்'னு ஆரம்பிச்சு ஒரு வரி எழுதிக் கொடு. எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க. உனக்கும் பாதுகாப்பு."

"அப்படி எழுதினா அவங்களுக்கு உடனே கிடைச்சிடுமா சார்?"

ராஜேந்திரன் கொஞ்சம் தயங்கினார். "உடனே கிடைக்காது. தவறான தகவல்னா விசாரணைக்குப் போகும். பொங்கல் தாண்டிடும்."

"வேற எப்படி எழுதலாம்?"

"கணக்கெடுத்தவங்க தப்புன்னு எழுதினா இன்னிக்கே நான் திருத்திடலாம். ஆனா உன் பேர் ஏறும். ஜனவரிக்கு ஆள் எடுக்கறப்ப மேல கேள்வி வரும். வராமலும் போகலாம். யோசிச்சு எழுது."

ஜாய்ஸ் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தாள். ஜனவரி சம்பளத்தை நம்பித்தான் ஃப்ரிட்ஜின் மீதித் தவணைகள் இருந்தன. பொங்கல் என்றால் இன்னும் ஒரு மாதத்துக்கு மேல். அதுவரைக்கும் பொன்னி சாக்கில் ஐஸ் சுற்றிக்கொண்டு போவாள். ஜாய்ஸ் முதலில், 'பதினெட்டாம் எண் வீட்டுக் கணக்கெடுப்பில் தவறு நேர்ந்துவிட்டது' என்று எழுதினாள். படித்துப் பார்த்தாள். நேர்ந்துவிட்டது என்றால் மழை பெய்கிற மாதிரி, புயல் வருகிற மாதிரி அதுவாக நடந்தது போல இருந்தது. தாளைக் கசக்கினாள். இரண்டாவது தாளில், 'தவறு ஏற்பட்டுள்ளது.' அதுவும் அப்படியே. மூன்றாவது தாளில், 'நான் தவறு செய்தேன்' என்று எழுதினாள்.

ராஜேந்திரன் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளினார். "'செய்தேன்'னு யாரும்மா எழுதுவாங்க? 'ஏற்பட்டுள்ளது'ன்னு போடு. அதான் ஆபீஸ் தமிழ்."

"அதுவா ஏற்படல சார். நான் கேட்காம எழுதினேன்."

அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதை எந்த ஃபைல்ல வைக்கிறதுன்னே தெரியல. இந்த மாதிரி ஒண்ணு இதுவரைக்கும் வந்ததில்ல" என்று முனகிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். பிறகு, அவள் கதவருகே போனதும் கூப்பிட்டார். "ஏம்மா, ஏழாம் பத்தியில எழுதறப்ப 'மீன் வைக்கும் ஐஸ் பெட்டி'ன்னு விளக்கமாப் போடு. இல்லேன்னா இங்க டைப் அடிக்கிறவன் மறுபடி ஃப்ரிட்ஜ் ஆக்கிடுவான்."

வெள்ளிக்கிழமை காலை திருத்திய தாள் சுவரில் ஏறியது. பொன்னியின் பெயருக்கு நேரே அடுப்பு, மின்விசிறி, மிக்ஸி; ஏழாம் பத்தியில் ஐஸ் பெட்டி. திங்கட்கிழமை வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தது. பொன்னி ஓர் எழுத்து விடாமல் விரலை வைத்துப் படித்தாள்.

"உன் வேலைக்கு ஒண்ணும் பேஜாரு இல்லியே?" என்று கேட்டாள்.

"தெரியலக்கா."

"பூட்டா சொல்லு. ஏலத்துல வந்து நில்லு. கணக்காப் பாக்கற ஆளு அங்க ரொம்பக் கம்மி." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். "ஆனா மீனு பேரெல்லாம் கேட்டுக் கேட்டுத்தான் எழுதணும்."

அன்று மாலை விவாதம். ஷ்ரவண் நன்றாகப் பேசினான். வரி கட்டுகிறவனின் உழைப்பைப் பற்றி, பொய்க் கணக்குக் காட்டுகிறவர்களைப் பற்றி, காப்பீடு செய்து வைக்கிற பொறுப்பைப் பற்றி. கைதட்டல் கிடைத்தது. அடுத்து 'கூடாது' பக்கத்தில் ஜாய்ஸ் எழுந்தாள். கையில் குறிப்புத் தாள் இருந்தது. அதை மடித்து வைத்தாள்.

"செவ்வாய்க்கிழமை நான் ஒரு ஃப்ரிட்ஜ் கதை சொன்னேன். எல்லாரும் சிரிச்சீங்க. அது ஃப்ரிட்ஜ் இல்லை."

நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். விதி தெரிந்தே எழுதியதையும் சொன்னாள்; அதைச் சொல்லும்போது மட்டும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"ஜாய்ஸ், நீ நம்ம கட்சிதானே?" என்றான் ஷ்ரவண். சிலர் சிரித்தார்கள். ஆனால் அவன் முகம் கேலியாக இல்லை. "சரி, கேட்கிறேன். பொய் சொல்றவங்க இல்லவே இல்லைங்கிறியா? அப்ப எங்க பெரியப்பாவுக்கும் அரசாங்கம் கார் வாங்கித் தரணுமா?"

"பொய் சொல்றவங்க இருக்காங்க. எப்பவோ துருப்பிடிச்ச மிக்ஸிய சேத்துல முக்கி எடுத்துக் காட்டின வீட்டையும் நான் பார்த்தேன். அங்க ரெண்டு கேள்வி கேட்டேன், உண்மை வந்திடுச்சு. பொன்னியக்காகிட்ட ஒரு கேள்விகூடக் கேட்கல. கார் போனதும் உங்க பெரியப்பா ஆபீசுக்கு எப்படிப் போனார் ஷ்ரவண்?"

"ஆபீஸ் கேப் வந்தது."

"அந்தப் பெட்டி போனதும் அவங்களால வேலைக்கே போக முடியல. வித்தியாசம் அவ்வளவுதான். அதுதான் எனக்குத் தெரியாம இருந்தது." அடுத்ததைச் சொல்வது அவளுக்குக் கடினமாக இருந்தது. "எங்க வீட்டுக்கு அன்னிக்கு யாரும் எதுவும் கொடுக்கல. அதனால இவங்களுக்கும் கொடுக்கக் கூடாதுன்னு நான் நினைச்சிருக்கேன். அது நியாயம் இல்லை. எங்கம்மா எட்டு மாசம் புகையில சமைச்சதுல யாருக்கும் எந்த நன்மையும் வரல. வெள்ளத்துக்கு அப்புறம் ஒரு குடும்பம் மறுநாள் தன் கால்ல எழுந்து நிற்க எது வேணுமோ, அதைப் பொதுப்பணத்துல கொடுக்கணும். அது பிச்சை இல்லை. அவங்களும் சேர்ந்து போட்ட பணம். எது வேணும்னு கேட்காம கொடுத்தாலும் வீண், கேட்காம மறுத்தாலும் வீண். வரிப்பணத்தைக் காப்பாத்தணும்னா முதல்ல காது கொடுத்துக் கேட்கணும்."

உட்கார்ந்துவிட்டாள்.

"கட்சி மாறிப் பேசினதுக்கு மார்க் கிடையாது" என்றாள் ரோகிணி மேடம். பிறகு கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: "பேச்சுச் சொல்லை எழுத்துச் சொல்லா மாத்துங்கன்னு சொன்னது நான்தான். மாத்தறதுக்கு முன்னாடி சொன்னவங்களைக் கேளுங்கன்னு நான் சொல்லல. நானும் என் நோட்டுல எழுதிக்கிறேன்."

மாடிப்படியில் ஷ்ரவண் பக்கத்தில் வந்தான். "எனக்கு இன்னும் முழுசா ஒத்துக்க முடியல" என்றான்.

"எனக்கும் எல்லாக் கேள்விக்கும் பதில் தெரியல."

"அந்தப் பில்லுல வரி ரெண்டு எடத்துல இருந்ததுன்னியே. தினமும் ஆபீஸ்ல நூறு பில் பார்க்கிறேன். இப்படி ஒருநாளும் யோசிச்சதில்ல" என்று சொல்லிவிட்டு அவன் திருக்கழுக்குன்றம் பஸ்ஸுக்கு ஓடினான்.

படாளம் பேருந்தில் ஜன்னலோர இருக்கை கிடைத்தது. நோட்டை எடுப்பதற்கு முன், பையிலிருந்த படிவ நகல்களை ஜாய்ஸ் வழக்கம்போல் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். பாதியில் அவள் விரல் நின்றது. மறுபடி முதலிலிருந்து புரட்டினாள். பொன்னி வீட்டைத் தவிர, புதன்கிழமை போன வடக்குத் தெருவில் இன்னும் மூன்று வீடுகளில் அதே அழகான கையெழுத்தில் 'குளிர்சாதனப் பெட்டி' என்று இருந்தது. அவர்களும் என்ன சொன்னார்கள் என்று நினைவுபடுத்திப் பார்த்தாள். அதே வார்த்தைதான். பொன்னி கத்தினாள், அதனால் தெரிந்தது. இந்த மூன்று வீட்டுக்காரர்களும் சுவரைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போயிருக்கிறார்கள்.

அவள் நோட்டைத் திறந்தாள்.

டிசம்பர் 12, வெள்ளி.

தவறு: ஒன்று என்று நினைத்தேன். நான்கு.

புதிய சொல்: ஐஸ் பொட்டி – மீன் கெடாமல் இருக்க ஐஸ் போட்டு வைக்கும் பெட்டி. சில வீடுகளில் ஃப்ரிட்ஜ். கேட்டுத்தான் எழுத வேண்டும்.

நாளை: காலை முதல் பஸ். கழிமேடு வடக்குத் தெரு, வீட்டு எண் நான்கு, பதினொன்று, இருபத்தேழு. மூன்று வீட்டிலும் பெட்டியைப் பார்க்க வேண்டும். பன்னிரண்டு மணிக்குள் ராஜேந்திரன் சாரிடம் கொடுக்க வேண்டும். வெள்ளைத் தாள் மூன்று எடுத்துப் போக வேண்டும்.